போலீஸ் டீமில் தொடங்கி பல்லாவரத்தில் முடிந்த வாழ்க்கை: வி.பி. சத்யன் யார்?

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் தமிழர் என்றால் நீங்கள் ஒரு சனிக்கிழமையாவது பொன்முடிக்குப் பைக்கை விட்டிருப்பீர்கள். நெடுமங்காடு தாண்டி, விதுரா வந்ததும் டீ குடிக்க நிறுத்துவீர்கள். அதற்குப் பிறகு கல்லாறு, அங்கிருந்து மலைப்பாதை. விதுராவில் ஐசர் வளாகம் இருப்பதால் தமிழ் பேசும் மாணவர்கள் நிறையவே கண்ணில் படுவார்கள். பக்கத்து போனக்காடு எஸ்டேட்டுக்குத் தலைமுறைகளுக்கு முன்பே வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஆக, டீக்கடையில் தமிழில் பேசினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்படி ஒரு கடையில்தான் எனக்கு இந்தக் கட்டுரை தொடங்கியது. டிவியில் ஐஎஸ்எல் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. பெஞ்சில் இருந்த பெரியவர்கள் இரண்டு பேர் அந்த மேட்சைப் பார்க்கவே இல்லை. பழைய கேரள போலீஸ் டீமில் யார் பெரிய ஆள், விஜயனா, சத்யனா என்று சண்டை. விஜயனை எனக்குத் தெரியும். ஐ.எம். விஜயன், திருச்சூர்க்காரர், 2025-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். நம்ம ஊர் சினிமாவிலும் முகம் காட்டியவர். சத்யன்? பெயர் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். பஸ்ஸில் திரும்பும்போது போனில் தேடினேன். இந்தியாவின் முன்னாள் கேப்டன். இறந்தது 2006-ல். இறந்த இடம் சென்னை பல்லாவரம். நான் கல்லூரி நாட்களில் தினமும் மின்சார ரயிலில் கடந்துபோன ஊர் அது.

நமக்கு அவ்வளவு பக்கத்தில் வாழ்ந்த ஒருவரை நாம் ஏன் அறியவில்லை? இதற்குப் பதில் சொல்ல அவரை மட்டும் பார்த்தால் போதாது. அவரை உருவாக்கிய டீமையும், அந்த மாதிரி டீம்கள் எப்படி இயங்கின என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் டீம்: போலீஸ் ஏன் ஃபுட்பால் ஆடியது?

அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு விளையாட்டு வீரரின் கதையைச் சொன்னால் அது ஒரு பல்கலைக்கழகத்தில் தொடங்கும். அங்கே கல்லூரி டீம்தான் ஊரின் டீம். சனிக்கிழமை ஆட்டத்துக்கு எழுபது, எண்பதாயிரம் பேர் வருவார்கள். ஆனால் ஆடுகிற பையனுக்கு 2025 வரை பல்கலைக்கழகம் நேரடியாகச் சம்பளம் கொடுத்ததில்லை. தன் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கக்கூட அவனுக்கு 2021 வரை அனுமதி இல்லை.

இந்தியாவில் அந்த இடத்தில் பல்கலைக்கழகம் இல்லை. இங்கேயும் பல்கலைக்கழகங்களுக்கிடையே சர் அசுதோஷ் முகர்ஜி பெயரில் கோப்பை உண்டு, நல்ல ஆட்டக்காரர்கள் அதில் வந்திருக்கிறார்கள். ஆனால் கல்லூரிப் படிப்பு முடிந்ததும் அந்த டீமும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு யார் சோறு போடுவது? ரயில்வே, ராணுவம், வங்கி, மின்வாரியம், துறைமுகம், போலீஸ். நம் நாட்டில் ஒரு தலைமுறை ஃபுட்பாலை நடத்தியது இவர்கள்தான். 1977-ல் கொச்சியில் முதல் ஃபெடரேஷன் கோப்பை நடந்தபோது இறுதிப்போட்டியில் மோகன் பகானை வென்றது எந்தப் பெரிய கிளப்பும் இல்லை. பெங்களூரில் டெலிபோன் கருவி செய்துகொண்டிருந்த ஐடிஐ, ஒரு பொதுத்துறை நிறுவனம்!

கேரளத்தில் போலீஸுக்கும் பந்துக்கும் பழைய உறவு. 1921-ல் ஆங்கிலேயர்கள் தொடங்கிய மலபார் ஸ்பெஷல் போலீஸ், மலப்புறம் பக்கம் ஃபுட்பால் வளர்ந்ததில் பெரிய பங்கு வகித்தது. ஆனால் நாம் பேசுகிற டீம் வேறு. 1984-ல், எம்.கே. ஜோசப் மாநிலக் காவல்துறைத் தலைவராக இருந்த காலத்தில், திருவனந்தபுரத்தை மையமாக வைத்து புதிதாகக் கட்டியது. யோசனை எளிமையானது: மாநிலம் முழுக்க நன்றாக ஆடும் இளைஞர்களைத் தேடு, போலீஸ் வேலை கொடு, ஒன்றாகத் தங்கவை, ஒன்றாகப் பயிற்சி கொடு.

இந்த வேலைவாய்ப்பு அந்த வயதுப் பையனுக்கு என்ன அர்த்தம் என்று நினைத்துப் பாருங்கள். 1980-களின் கேரளம். படித்தவர்கள் வேலை தேடி வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். அப்போது பந்து உதைக்கத் தெரியும் என்பதற்காக அரசு வேலை, மாதச் சம்பளம், ஓய்வூதியம். விஜயன் சின்ன வயதில் திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்றவர். பதினெட்டு வயதுகூட நிரம்பாத நிலையில் 1987-ல் இந்த டீமுக்குள் வந்தார். அவரோடு யு. ஷரஃபலி, சி.வி. பாப்பச்சன், குரிகேஷ் மேத்யூ, கோல்கீப்பர் கே.டி. சாக்கோ. கேரளத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

இவர்களுக்கெல்லாம் பின்னால், தற்காப்பின் நடுவில் நின்றவர் சத்யன்.

கண்ணூரிலிருந்து வந்த ஸ்டாப்பர்

வட்டப்பறம்பத்து சத்யன், 1965 ஏப்ரல் 29-ல் பிறந்தார். கண்ணூர் மாவட்டத்தில் சொக்ளி பக்கம் மேக்குன்னு என்ற ஊர். போலீஸ் டீம் உருவானபோது அவருக்குப் பத்தொன்பது வயது.

அவர் ஆடிய இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றைய பேச்சுவழக்கில் அதற்கு ஸ்டாப்பர் என்று பெயர். எதிரணியின் ஃபார்வர்டை நிறுத்துவது, காற்றில் வரும் பந்தைத் தலையால் வெட்டிவிடுவது, பின்னால் இருந்து மொத்த டீமையும் கத்திக் கத்தி ஒழுங்கில் வைப்பது. கோல் போடுபவர் பெயர் மறுநாள் பேப்பரில் வரும். ஸ்டாப்பர் பெயர் பெரும்பாலும் அவர் தவறு செய்த அன்றுதான் வரும். நீங்கள் எந்த அலுவலகத்திலாவது சர்வர் விழாமல் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருந்தால் இந்த வலி உங்களுக்குப் புரியும்.

அப்படிப்பட்ட இடத்தில் ஆடியும் ஒருவர் பெயர் வாங்கினார் என்றால், அவர் சாதாரண ஆள் இல்லை. எண்பதுகளின் நடுவிலேயே இந்திய அணிக்குள் போனார். தொண்ணூறுகளின் முதல் பாதியில் இந்தியாவின் கேப்டன்.

போலீஸ் டீமின் உச்சம் 1990. ஃபெடரேஷன் கோப்பை திருச்சூரில் நடந்தது. இறுதிப்போட்டியில் கோவாவின் சல்காவ்கரை 2-1 என்று வென்றார்கள். தேசிய அளவிலான அந்தக் கோப்பை ஒரு கேரள டீமின் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வருஷம் போட்டி கண்ணூரில், அதாவது சத்யனின் சொந்த மாவட்டத்தில். இறுதியில் எதிரே மும்பையின் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா. 2-0. மறுபடியும் கோப்பை போலீஸுக்கே. ஒரு மாநிலக் காவல்துறையும் ஒரு ஜீப் கம்பெனியும் நாட்டின் முக்கியமான கோப்பைக்கு மோதிக்கொண்டன என்பதை இன்றைய ஐஎஸ்எல் ரசிகரிடம் சொன்னால் நம்பச் சிரமப்படுவார்.

ஏழு இறுதிப்போட்டிகள்

இனி நான் கொஞ்சம் எண்களோடு விளையாடிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தொழில் அது.

சந்தோஷ் கோப்பை என்பது மாநிலங்களுக்கு இடையிலான போட்டி. கேரளம் அதை முதன்முதலில் வென்றது 1973-ல், எர்ணாகுளத்தில். ரயில்வே அணிக்கு எதிராக கேப்டன் மணி ஹாட்ரிக் அடித்தார். 3-2. அதற்குப் பிறகு ஒரு தலைமுறை காத்திருந்தது.

1988: கொல்லத்தில் இறுதிப்போட்டி. பஞ்சாபிடம் பெனால்டி ஷூட் அவுட்டில் தோல்வி, அதுவும் சொந்த மண்ணில். 1989: குவாஹாட்டி. வங்காளத்திடம் மறுபடியும் ஷூட் அவுட்டில் தோல்வி. 1990: மட்காவ். கோவாவிடம் 0-2. 1991: பாலக்காடு. மஹாராஷ்டிராவிடம் 0-1, இதுவும் சொந்த மண்.

நான்கு வருஷம், நான்கு இறுதிப்போட்டி, நான்கு தோல்வி. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இதே கால அளவில்தான் போலீஸ் டீம் இரண்டு ஃபெடரேஷன் கோப்பைகளை வென்றது. கேரள அணிக்கு முதுகெலும்பாக இருந்தவர்களும் அதே போலீஸ்காரர்கள்தான். ஆக, ஆட்டம் தெரியாமல் தோற்கவில்லை. ஷூட் அவுட்டில் போனவை இரண்டு, ஒரே ஒரு கோலில் போனது ஒன்று. ஆனால் ஊர்க்காரர்கள் அப்படிக் கணக்குப் பார்ப்பார்களா? இறுதிவரை போய்த் தோற்கும் டீம் என்று பெயர் ஒட்டிவிட்டது.

1992. இடம் நம்ம கோயம்புத்தூர். கேப்டன் வி.பி. சத்யன். இறுதிப்போட்டியில் எதிரே கோவா, இரண்டு வருஷம் முன்பு தோற்கடித்த அதே கோவா. கேரளம் 3-0 என்று வென்றது. 18 வருஷத்துக்குப் பிறகு கோப்பை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கோவை என்பதால் கேரள ரசிகர்களுக்கு அது பக்கத்து ஊர் மாதிரிதான். அந்தக் கோப்பையைக் கையில் பிடித்த சத்யனின் படம்தான் இன்றும் அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் மலையாளிகளின் நினைவுக்கு வருவது.

மறுவருஷம் கொச்சியில் குரிகேஷ் மேத்யூ தலைமையில் மஹாராஷ்டிராவை 2-0 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்தார்கள். 1994-ல் கட்டாக்கில் வங்காளத்திடம் ஷூட் அவுட்டில் மறுபடியும் தோல்வி. மொத்தத்தில் 1988 முதல் 1994 வரை தொடர்ந்து ஏழு இறுதிப்போட்டிகள், இரண்டு கோப்பைகள். கேரளம் இதுவரை ஏழு தடவை சந்தோஷ் கோப்பையை வென்றிருக்கிறது, கடைசியாக 2022-ல் மஞ்சேரியில். ஆனால் தொடர்ச்சியாக இப்படி ஏழு வருஷம் உச்சத்தில் நின்ற காலம் அதற்குப் பிறகு வரவில்லை. என்னைக் கேட்டால், கோப்பை எண்ணிக்கையைவிட இந்த ஏழுதான் பெரிய சாதனை.

போலீஸ் வேலையை ஏன் விட்டார்கள்?

இங்கே கதை திரும்புகிறது.

ஒரு டீம் நன்றாக ஆடினால் என்ன ஆகும்? வெளியில் இருந்து அழைப்பு வரும். அன்றைக்கு இந்திய ஃபுட்பாலின் பணம், கூட்டம், புகழ் எல்லாம் கல்கத்தாவில். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங். 1991-ல் விஜயன் மோகன் பகானுக்குப் போனார். சத்யனும் கல்கத்தா போய் முகமதனிலும் மோகன் பகானிலும் ஆடினார்.

கஷ்டமான கேள்வி இது. அரசு வேலை வாழ்நாள் முழுக்க. கிளப் ஒப்பந்தம் ஒரு சீசன். வேலையில் இருந்தால் முப்பத்தைந்து வயதில் கால் ஓய்ந்த பிறகும் சீருடையும் சம்பளமும் இருக்கும். கிளப்புக்குப் போனால் கையில் பெரிய தொகை வரும், ஆனால் முழங்கால் போன அன்று அதுவும் போகும். நீங்கள் ஒரு நிரந்தர வேலையை விட்டு ஸ்டார்ட் அப்புக்குத் தாவினவர் என்றால், அல்லது தாவத் துணியாதவர் என்றால், இந்தக் கணக்கு உங்களுக்குப் புதிது இல்லை. ஒரே வித்தியாசம், உங்களுக்கு நாற்பது வயதில்தான் சம்பளம் ஏறும். அவர்களுக்கு அதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும்.

விஜயன் பின்னர் போலீஸுக்குத் திரும்பினார். 2025-ல் மலபார் ஸ்பெஷல் போலீஸில் டெபுடி கமாண்டன்டாக ஓய்வு பெற்றார். சத்யனின் பாதை சென்னைக்குப் போனது. இந்தியன் வங்கி.

இந்த இடத்தில்தான் அவர் நம்ம ஆளாகிறார். இந்தியன் வங்கி அன்றைக்குத் தமிழ்நாட்டின் முக்கியமான டீம். சபீர் பாஷா மாதிரியான ஆட்டக்காரர்கள் அதில் ஆடினார்கள். 1996-ல் தேசிய ஃபுட்பால் லீக் தொடங்கியபோது முதல் சீசனிலேயே இருந்த டீம். வங்கி வேலை, சென்னையில் குடும்பம், மாலையில் பயிற்சி. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி சென்னையில் நடந்தது. ஃபுட்பால் இறுதிப்போட்டியில் வங்கதேசத்தை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. அந்த அணியில் சத்யன் இருந்தார். நம் ஊரில் நடந்த இறுதிப்போட்டி, நம் ஊர் வங்கியில் வேலை பார்த்தவர் ஆடியது. உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், ஞாபகம் இருக்கிறதா என்று. அடுத்த இரண்டு மாதத்தில் உலகக் கோப்பை கிரிக்கெட் வந்துவிட்டது, அதுதான் ஞாபகம் இருக்கும்.

பிறகு என்ன நடந்தது?

காயங்களோடே ஆடியவர் சத்யன். அன்றைக்கு இன்றைய மாதிரி ஃபிசியோ, ஸ்கேன், ஆறு மாத ஓய்வு எல்லாம் பெரிய கிளப்பிலும் கிடையாது. வலி இருந்தாலும் கட்டுப்போட்டுக்கொண்டு இறங்கினால்தான் வீரம் என்று பேசிய காலம். கால் ஒத்துழைக்காமல் ஆட்டம் நின்றது. பிறகு பயிற்சியாளர் பொறுப்பிலும் இருந்தார்.

வெளியில் இருந்து பார்த்தால் குறை சொல்ல எதுவும் இல்லை: வங்கி வேலை, பெயர், குடும்பம். ஆனால் மன அழுத்தத்துடன் போராடிக்கொண்டிருந்தார் என்பது பலருக்கும் பின்னால்தான் தெரிந்தது. 2006 ஜூலை 18 அன்று பல்லாவரத்தில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 41.

ஒரு மரணத்துக்கு ஒரே காரணத்தை எடுத்து ஒட்டுவது செய்தியாளர்கள் செய்யும் பெரிய தப்பு. நானும் அதைச் செய்யப்போவதில்லை. காயம், ஆட்டம் இல்லாத வெறுமை, மனநோய் என்று எதை மட்டும் சொன்னாலும் அது முழு உண்மை ஆகாது. (உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ அப்படியொரு எண்ணம் வந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.)

சொல்லக்கூடியது ஒன்றுதான். ஸ்போர்ட்ஸ் கோட்டா என்ற ஏற்பாடு ஒரு ஆட்டக்காரருக்கு மூன்று விஷயங்களைத் தந்தது: சம்பளம், ஆடுவதற்கு நேரம், ஆடி முடித்த பிறகு ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் உட்காரும் மனுஷனுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க அதில் எந்த ஏற்பாடும் இல்லை. பத்தொன்பது வயதில் இருந்து உடம்பை வைத்தே வாழ்ந்தவர். பல ஆயிரம் பேர் பெயர் சொல்லிக் கத்தியதைக் கேட்டவர். அவர் ஒரு நாள் காலையில் பத்து மணிக்கு கவுன்டருக்குப் பின்னால் உட்கார வேண்டும். சிலருக்கு அது நிம்மதி. சிலருக்கு அப்படி இல்லை.

அந்த டீம்கள் இன்று எங்கே?

தேசிய லீக் வந்ததும் ஆட்டம் முழுநேரத் தொழிலாக மாறத் தொடங்கியது. நிறுவன டீம்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. கண்ணூரில் போலீஸிடம் தோற்ற மஹிந்திரா 2010-ல் டீமைக் கலைத்தது. முதல் தேசிய லீக்கை வென்ற பஞ்சாபின் ஜேசிடி மில் டீம் 2011-ல் மூடியது. திருவனந்தபுரத்தின் இன்னொரு பெரிய டீமை வைத்திருந்த ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர், 2017-ல் எஸ்பிஐயோடு இணைந்து வங்கியாகவே இல்லாமல் போனது. இந்தியன் வங்கி டீமும் தேசிய அளவில் இருந்து இறங்கிவிட்டது.

தனியார் டீம்கள் அந்த இடத்தை உடனே நிரப்பிவிடவில்லை. எஃப்சி கொச்சின் 1997-ல் தொடங்கி அதே வருஷம் டூரண்ட் கோப்பையை வென்று எல்லோரையும் அசத்தியது. ஐந்தே வருஷத்தில் மூடியது. அந்த டீமின் பையன்களுக்குப் போலீஸ் நாற்காலியும் இல்லை, வங்கி நாற்காலியும் இல்லை. 2014-ல் வந்த கேரளா பிளாஸ்டர்ஸ் காலத்தில் கதை வேறு மாதிரி. கிளப்பிலும் ஆடிக்கொண்டு அரசு வேலையையும் வைத்திருக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு சி.கே. வினீத் உதாரணம். இந்தியாவுக்கு ஆடியவர், சத்யனைப் போலவே கண்ணூர்க்காரர். கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலையில் சேர்ந்தவர். 2017-ல் வருகைப்பதிவு போதவில்லை என்று வேலை போனது. ஆட்டத்துக்காகக் கொடுத்த வேலை, ஆடப்போனதால் போனது!

சத்யனைப் பொறுத்தவரை, மலையாளிகள் அவரை மறுபடியும் கண்டெடுத்தது ஒரு சினிமா மூலம். 2018-ல் பிரஜேஷ் சென் இயக்கிய 'கேப்டன்'. சத்யனாக ஜெயசூர்யா. அந்த வருஷத்துக்கான கேரள அரசின் சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்து வாங்கிய ஜெயசூர்யாவுக்கு, விருதுக்கான படங்களில் இதுவும் ஒன்று. எனக்குத் தெரிந்த பல தமிழ் நண்பர்கள் ஓடிடியில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் சென்னையில் வாழ்ந்தவர் என்பது மனதில் நிற்கவே இல்லை.

கேரள போலீஸ் டீம் இன்றும் இருக்கிறது. திருவனந்தபுரம் பாளையத்தில், போலீஸுக்குச் சொந்தமான சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தை நீங்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து விதுரா ஒன்றரை மணி நேரம். அந்த டீக்கடைச் சண்டை எப்படி முடிந்தது என்று கேட்கிறீர்களா? நெடுமங்காடு பஸ் வந்துவிட்டது, ஒருவர் ஏறிவிட்டார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு அவர் கடைசியாகச் சொன்ன பெயர் சத்யன்.